தள்ளாமையை அளக்க முடியுமா?

கல்யாண வீடுகளில் நீங்கள் கவனித்திருப்பீர்கள். இரண்டு பாட்டிமார்கள் வந்திருப்பார்கள். இரண்டு பேருக்கும் வயது 75. ஒருவர் விடியற்காலையிலேயே குளித்து, பட்டுப் புடவை உடுத்தி, சம்பந்தி வீட்டாருக்குக் காப்பி போயிற்றா, தாம்பூலத் தட்டு தயாரா என்று மாடிக்கும் கீழுக்குமாக நடந்து கொண்டிருப்பார். மற்றவர் வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். அட்சதை போடப் போவதற்குக்கூட இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்துப் போக வேண்டும்.

உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, “பாவம், தள்ளாத வயசு!” என்கிறோம். அப்படியானால் மாடிப்படி ஏறி இறங்குகிறாரே, அவருக்கும் அதே வயதுதானே?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தள்ளாமை என்பது வேறு, வயது என்பது வேறு. வயதைப் பிறந்த தேதியை வைத்துச் சொல்லிவிடலாம். தள்ளாமையை எதை வைத்துச் சொல்வது? ஜுரத்துக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. ரத்தக் கொதிப்புக்குக் கையில் பட்டை கட்டிப் பார்க்கிறார்கள். தள்ளாமைக்கு அப்படி ஏதாவது உண்டா?

உண்டு என்கிறார்கள் முதுமை மருத்துவர்கள். அதைவிட ஆச்சரியம், அந்தக் கருவிகளில் முக்கால்வாசி உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன: ஒரு நாற்காலி, விநாடி முள் உள்ள ஒரு கடிகாரம், கொஞ்சம் நீளமான கூடம், உங்கள் இரண்டு கைகள்!

அஞ்சறைப் பெட்டிச் சேமிப்பு

முதலில் தள்ளாமை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

மாதச் சம்பளத்துக்கு மேல் கொஞ்சம் பணத்தை அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலோ பருப்பு டப்பாவிலோ ஒளித்து வைக்காத குடும்பப் பெண் உண்டா? திடீரென்று விருந்தாளி வந்தாலும், குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும், அந்தப் பணம் கை கொடுக்கும். டப்பா காலியாக இருந்தால்? சாதாரண நாட்களில் வித்தியாசமே தெரியாது. ஒரு சின்னச் செலவு வந்தாலும் போதும், குடும்பம் ஆட்டம் கண்டுவிடும்.

உடம்பிலும் அப்படி ஒரு கையிருப்பு உண்டு. தசையிலும், எலும்பிலும், இருதயத்திலும், மூளையிலும் அன்றாடத் தேவைக்கு மேல் கொஞ்சம் பலம் சேமிப்பாக இருக்கிறது. அது கரைந்து கொண்டே போவதுதான் தள்ளாமை. அதனால்தான் நான்கு நாள் ஜுரம் வந்தால் ஒரு பாட்டி எழுந்து ரசம் வைக்கப் போய்விடுகிறார். இன்னொரு பாட்டி அதே ஜுரத்தில் படுத்தவர் எழுந்திருப்பதில்லை. “நன்றாகத்தானே இருந்தார்கள்!” என்று உறவினர் திகைக்கிறார்கள். டப்பா காலியாக இருந்தது யாருக்கும் தெரியவில்லை. அதை முன்கூட்டியே தெரிந்து கொள்வதற்குத்தான் அளவுகோல்.

ஒரு பெண் டாக்டர் செய்த காரியம்

1935-ஆம் ஆண்டு. லண்டனுக்கு அருகே வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் மார்ஜரி வாரன் என்ற பெண் டாக்டர் இருந்தார். பக்கத்தில் இருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிகள் எழுநூறு பேருக்கு மேல் அந்த வருஷம் அவருடைய பொறுப்பில் வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் கிழவர்களும் கிழவிகளும். வருஷக் கணக்கில் படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தவர்கள். “இவர்களுக்கு இனி என்ன இருக்கிறது?” என்று எல்லாரும் கை கழுவிவிட்ட கூட்டம்.

டாக்டர் வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். யாரால் எழுந்து உட்கார முடியும், யாரால் நிற்க முடியும், யாருக்கு என்ன உதவி செய்தால் நடப்பார் என்று தரம் பிரித்தார். எழுப்பி உட்கார வைத்தார், நடக்கப் பழக்கினார். வீட்டுக்குத் திரும்பவே மாட்டார்கள் என்று நினைத்திருந்த பலர் வீட்டுக்குத் திரும்பினார்கள். முதுமை மருத்துவத்தின் தாய் என்று அவரை இன்றும் கொண்டாடுகிறார்கள். ‘வயதாகிவிட்டது’ என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடாமல், அளந்து பார்த்தால் வழி பிறக்கும் என்பதுதான் அவர் கற்றுக் கொடுத்த பாடம்.

நம் ஊரும் இதில் பின்தங்கிவிடவில்லை. சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி. எஸ். நடராசன் முதியோருக்கென்று தனி சிகிச்சைப் பிரிவைத் தொடங்கி வைத்தார். 2024-ல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டது.

ஐந்து கேள்விகள்

தள்ளாமைக்கு முதன்முதலாகத் தெளிவான கணக்குச் சொன்னவர்களில் ஒருவரும் ஒரு பெண்தான். அமெரிக்காவில் டாக்டர் லிண்டா ஃப்ரீட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், 65 வயதைத் தாண்டிய ஐயாயிரத்துச் சொச்சம் பேரைப் பல வருஷங்கள் கவனித்து வந்தார்கள். 2001-ல் ஐந்து அடையாளங்களைச் சொன்னார்கள்.

ஒன்று: பட்டினி கிடக்காமல், இளைக்க வேண்டும் என்று நினைக்காமல், ஒரு வருஷத்தில் எடை நாலரைக் கிலோவுக்கு மேல் குறைந்திருக்கிறதா? ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டதா?

இரண்டு: “எதைச் செய்தாலும் மலையைப் புரட்டுகிற மாதிரி இருக்கிறது” என்று வாரத்தில் மூன்று நாலு நாளாவது சொல்கிறாரா?

மூன்று: கைப்பிடி தளர்ந்திருக்கிறதா?

நான்கு: நடை மெதுவாகிவிட்டதா? 15 அடி தூரத்தைக் கடக்க ஆறு, ஏழு விநாடி ஆகிறதா?

ஐந்து: நடமாட்டமும் வேலையும் மிகவும் குறைந்துவிட்டனவா?

இந்த ஐந்தில் ஒன்றும் இல்லையென்றால் திடகாத்திரம். ஒன்று அல்லது இரண்டு இருந்தால் தள்ளாமை வாசற்படியில் நிற்கிறது என்று அர்த்தம். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்த ஐயாயிரம் பேரில் தள்ளாமை கண்டவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். ‘வயதானால் எல்லாருக்கும் உள்ளதுதானே’ என்று நாம் சொல்கிறோமே, அது சரியில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. இன்னொன்றும் தெரிந்தது. ஏழு வருஷத்துக்குள், திடமாக இருந்தவர்களில் நூற்றுக்கு 12 பேர் காலமானார்கள். தள்ளாமை கண்டவர்களில் 43 பேர். பெண்களுக்கு ஆண்களைவிட ஆயுள் கெட்டி. ஆனால் தள்ளாமையும் பெண்களுக்குத்தான் அதிகம். ஆகவே இது நம் காரியம்!

நாற்காலியும் கடிகாரமும்

இனி வீட்டிலேயே பார்க்கக்கூடியவற்றுக்கு வருவோம். ஒரு எச்சரிக்கை: சோதனை செய்யும்போது பக்கத்தில் ஒருவர் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும். தரையில் ஈரம் இருக்கக் கூடாது. சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், முழங்கால் வலியால் துடிப்பவர்கள் ஆகியோரிடம் இந்த விளையாட்டு வேண்டாம், டாக்டரே பார்க்கட்டும்.

முதல் சோதனை, எழுந்து உட்காருவது. கையில்லாத, உறுதியான நாற்காலி ஒன்றில் உட்கார வைத்து, கைகளை மார்பின் மேல் கட்டிக் கொள்ளச் சொல்லுங்கள். கையை ஊன்றாமல் ஐந்து தடவை முழுக்க எழுந்து நின்று உட்கார வேண்டும். 14 விநாடிக்குள் முடிந்துவிட்டால் பயமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட கைப்புத்தகத்தில் சொல்லியிருக்கும் கணக்கு இது. தொடை பலமாக இருந்தால்தான் எழ முடியும். தொடை பலம் போனால் அடுத்தது என்ன போகும் தெரியுமா? தனியாகக் கழிப்பறைக்குப் போய்வரும் கௌரவம். அதை இழப்பதைவிட ஒரு பெண்மணிக்கு வருத்தம் வேறு இல்லை.

இரண்டாவது, எழுந்து நடந்து திரும்புவது. நாற்காலியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி ஒரு கோடு. எழுந்து, கோடு வரை போய், திரும்பி வந்து உட்கார வேண்டும். கனடாவில் மாண்ட்ரியால் நகரத்தில் 1991-ல் இதற்கு நேரக் கணக்கு வைத்தார்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், கீழே விழக்கூடிய அபாயம் இருக்கிறது என்று அமெரிக்க நோய்த் தடுப்பு நிலையம் எச்சரிக்கிறது.

மூன்றாவது, வெறும் நடை. நாலு மீட்டர் தூரத்தைச் சாதாரணமாக நடக்கும் வேகத்தில் கடக்க ஐந்து விநாடிக்கு மேல் ஆகிறதா என்று பாருங்கள். ஆனால் மெதுநடை. நாலு மீட்டர் என்றால் எவ்வளவு என்று யோசிக்கிறீர்களா? ஆறு கஜப் புடவை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். அதில் முக்கால் பாகத்துக்குச் சற்றுக் குறைவு. புடவையை விரித்து அளந்து சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டு, புடவையை மடித்து வைத்துவிடுங்கள். அதன் மேலேயே மாமியாரை நடக்கவிட்டு வழுக்கி விழ வைத்தீர்கள் என்ற பழி எனக்கு வேண்டாம்!

நடை வேகத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நடப்பதற்கு இருதயம் வேண்டும், மூச்சு வேண்டும், நரம்பு, தசை, மூட்டு, கண், மூளை எல்லாம் ஒத்துழைக்க வேண்டும். ஒன்று பின்வாங்கினாலும் நடை காட்டிக் கொடுத்துவிடும். 2011-ல் 34,000-க்கு மேற்பட்ட முதியவர்களின் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நடை வேகம் கூடக் கூட ஆயுளும் கூடியிருந்தது தெரிந்தது.

கை பேசும்

ஊறுகாய் ஜாடி மூடியைத் திறக்க முடியவில்லை. துவைத்த துண்டைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. தேங்காய் உடைக்கக் கை வரவில்லை. இவையெல்லாம் அடுக்களையில் கேட்கும் சாதாரணப் பேச்சு. ஆனால் டாக்டருக்கு இவை முக்கியமான சேதிகள்.

கைப்பிடியை அளக்க ஒரு கருவி உண்டு. அதைக் கையில் பிடித்து அழுத்தினால் எத்தனை கிலோ பலம் என்று முள் காட்டும். ஆசிய நாடுகளின் நிபுணர்கள் 2019-ல் வகுத்த கணக்குப்படி, பெண்களுக்கு 18 கிலோவுக்கும் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் கீழே போனால் தசை பலம் போதாது. இந்தியா உள்பட 17 நாடுகளில் ஒரு லட்சத்து நாற்பதினாயிரம் பேரிடம் இப்படிப் பிடியை அளந்து பார்த்தார்கள். பிடியில் ஐந்து கிலோ குறைந்தால் மரண அபாயம் நூற்றுக்கு 16 பங்கு கூடுகிறது என்று 2015-ல் வெளியிட்டார்கள். ரத்தக் கொதிப்பைவிடக் கைப்பிடியே இதைச் சரியாகச் சொல்லியதாம்! நம் நாட்டு அரசாங்கமும் 2017–18-ல் 45 வயதுக்கு மேற்பட்ட எழுபத்திரண்டாயிரம் பேரை வீடு வீடாகப் போய்க் கண்ட பெரிய ஆய்வில் கைப்பிடியையும் நடையையும் அளந்தது.

கருவி இல்லாவிட்டால் ஜப்பான்காரர்களின் யுக்தி ஒன்று இருக்கிறது. காஷிவா என்ற நகரத்து முதியவர்களிடம் பரீட்சித்துப் பார்த்தது. உட்கார்ந்தபடி, இரண்டு கைகளின் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வளையம் செய்து, ஆடுசதையின் பருமனான இடத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். அவரவர் கையால் அவரவர் காலை. வளையம் எட்டாமல் நின்றால் நல்லது. வளையத்துக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால், தசை கரைந்திருக்கலாம். காலில் வீக்கம் இருந்தால் மட்டும் இந்தச் சோதனை பொய் சொல்லும்.

பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா?

சுவீடன் நாட்டில் உமியோ என்ற ஊரில் முதியோர் இல்லத்தில் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். 58 பேர். ஒவ்வொருவரும் நடந்து போகும்போது, கூட வருபவர் சும்மா பேச்சுக் கொடுப்பார். பெரும்பாலோர் பேசிக்கொண்டே நடந்தார்கள். 12 பேர் மட்டும் பதில் சொல்வதற்காக நின்றுவிட்டார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்தப் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் கீழே விழுந்தார்கள்! இது 1997-ல் வெளிவந்தது.

காரணம் இதுதான்: நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படுகிறவருக்குப் பேச்சுக்கு ஒதுக்கக் கவனம் மீதியில்லை. அடுத்த முறை கோவிலுக்குப் போகும்போது மாமியாரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். தேர்முட்டியில் நின்று வம்பு பேசுவது கணக்கில் சேராது. வாய் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கால் நின்றால்தான் கவனிக்க வேண்டும்.

வீட்டு வேலையும் ஒரு அளவுகோல்

கனடாவில் ஹாலிஃபாக்ஸ் நகரத்து டாக்டர் கென்னத் ராக்வுட் வேறு இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, குறைகளை எண்ணிப் பார்ப்பது. கண், காது, மூட்டு, ஞாபகம், தூக்கம், நோய்கள் என்று முப்பது நாற்பது விஷயங்களைப் பட்டியல் போட்டு, அதில் எத்தனை பழுது என்று பார்ப்பது. நாற்பதில் பத்துப் பழுது என்றால் கால் பங்கு. இங்கிலாந்தில் இந்தக் கணக்கைக் குடும்ப டாக்டரின் கம்ப்யூட்டரே போட்டுவிடுகிறது.

இன்னொன்று, 2005-ல் அவர் வெளியிட்ட படிகள். முதல் படியில் துடியாக இருப்பவர். மூன்றாம் படியில் நோய் இருந்தாலும் சமாளிப்பவர். நாலாம் படியில் பிறர் உதவி தேவையில்லை, ஆனால் “முன்னே மாதிரி வேகமில்லை, பகலிலேயே அசந்து போகிறது” என்பவர். ஐந்தாம் படியில் பாங்க்குக் கணக்கு, மாத்திரைகளை வேளைக்கு எடுத்துக்கொள்வது, பஸ் ஏறிப் போவது, கனமான வீட்டு வேலை இவற்றுக்கு உதவி தேவைப்படுபவர். ஆறாம் படியில் வெளி வேலை எல்லாவற்றுக்கும் துணை வேண்டும்; மாடிப்படி கஷ்டம்; குளிப்பதற்கும் கை கொடுக்க வேண்டும். ஏழாம் படியில் எல்லாவற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்ப்பவர். பின்னால் இதை ஒன்பது படிகள் வரை நீட்டினார்கள்.

படித்ததும் உங்களுக்குப் புரிந்திருக்கும். இந்த அளவுகோலைப் படிக்க டாக்டருக்குக்கூட உங்கள் கண்தான் வேண்டும். “போன வருஷம் பாலுக்குக் கணக்கு எழுதுவார், இந்த வருஷம் நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டார்” என்று சொல்லக்கூடியவர் நீங்கள்தானே? ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது எப்படி இருக்கிறார் என்பதல்ல கணக்கு. நோய் வருவதற்கு இரண்டு வாரத்துக்கு முன் வீட்டில் எப்படி இருந்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று ராக்வுட்டின் முறை சொல்கிறது.

அளப்பது கை கழுவுவதற்கா?

இங்கே ஒரு முக்கியமான விஷயம். எந்த அளவுகோலும் இரண்டு விதமாகப் பயன்படும். தராசு கடைக்காரர் கையில் ஒரு மாதிரி. நம் கையில் ஒரு மாதிரி.

2020 மார்ச்சில், கொரோனா வேகமாகப் பரவியபோது, யாரைத் தீவிர சிகிச்சைக்கு எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்ய இந்தப் படிகளையும் பார்க்கலாம் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி நிறுவனம் டாக்டர்களுக்குச் சொன்னது. உடனே பெரும் கவலை எழுந்தது. பிறவியிலிருந்தே பிறர் உதவியோடு வாழும் இளைஞன் ஒருவனும் இந்தக் கணக்கில் ஆறு, ஏழு என்று வந்துவிடுவானே! அவன் தள்ளாதவன் இல்லையே! சில நாட்களிலேயே அந்த நிறுவனம் திருத்தம் வெளியிட்டது: இளம் வயதினரிடமும், நெடுநாளாக ஒரே நிலையில் இருக்கும் ஊனமுற்றவர்களிடமும், மனவளர்ச்சிக் குறை உள்ளவர்களிடமும் இந்தக் கோலை வைக்காதீர்கள் என்று.

வீட்டிலும் இதே ஜாக்கிரதை வேண்டும். “அம்மா ஐந்தாம் படி, இனிமேல் வெளியே அனுப்பக் கூடாது” என்று பூட்டு போடுவதற்காக இல்லை இந்தச் சோதனை. எங்கே பலம் குறைகிறதோ அங்கே திரும்பப் பலம் சேர்ப்பதற்காக.

திரும்பி வரும் பாதை

திரும்பப் பலம் சேருமா? 90 வயதிலா?

சேரும்! அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் தொடைப் பயிற்சி கொடுத்தார்கள். மாரியா ஃபியாடரோன் என்ற பெண் டாக்டர் நடத்தியது. 1990-ல் முடிவு வந்தது. தொடையின் பலம் சராசரியாக முன்பிருந்ததைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது! இரண்டு பேர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள்.

1994-ல் நூறு பேரிடம் மறுபடியும் சோதித்தார்கள். சிலருக்குப் பயிற்சி, சிலருக்குச் சத்துப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை. பயிற்சி செய்தவர்களுக்குப் பலம் கூடியது. சத்துப் பானம் மட்டும் குடித்து உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கூடவில்லை. டப்பா டப்பாவாகச் சத்து மாவு வாங்கி வரும் அருமைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

அதற்காக ஆகாரம் வேண்டாம் என்பதில்லை. பயிற்சியோடு புரதமும் சேர்ந்தால்தான் தசை வளரும். முதியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை தினம் புரதம் வேண்டும் என்கிறார்கள். 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 50, 60 கிராம். நம் வீட்டு முதியவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள்? பகலில் கொஞ்சம் ரசம் சாதம், ராத்திரி இரண்டு இட்லி, நடுவில் காப்பி. எங்கிருந்து வரும் புரதம்? பருப்பும், சுண்டலும், தயிரும், பாலும், சாப்பிடுகிறவர்களுக்கு முட்டையும் மீனும் ஒவ்வொரு வேளையிலும் சேர வேண்டும். பல் இல்லையென்றால் குழைய வேக வையுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுத்தான் புரதத்தைக் கூட்ட வேண்டும்.

பயிற்சி என்றதும் கதாயுதத்தைத் தூக்க வேண்டும் என்று பயப்படாதீர்கள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் அதே சோதனையைக் காலையும் மாலையும் பழகினால் அதுவே பயிற்சி. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கலாம். தண்ணீர் நிரப்பிய சின்ன பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்கலாம். தினமும் தெருக்கோடி வரை நடக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, நடை சட்டென்று தளர்ந்தாலோ, முதலில் டாக்டரிடம் போங்கள். நீரிழிவு, தைராய்டு, மனச் சோர்வு, கண் புரை, வேறு மறைந்த நோய் எதுவாகவும் இருக்கலாம். சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். நாலு டாக்டர்கள் நாலு சமயத்தில் எழுதிக் கொடுத்தவை ஒன்றாகச் சேர்ந்து தலையைச் சுற்ற வைப்பதும் உண்டு.

அன்பு செய்யும் தவறு

கடைசியாக ஒன்று. இதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

“அத்தை, நீங்க உட்காருங்க. நான் பார்த்துக்கறேன்.”

எவ்வளவு இனிமையான வார்த்தை! இப்படிச் சொல்லும் மருமகளுக்கு ஊரே சபாஷ் போடும். ஆனால் உடம்பு ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி. பயன்படுத்தாத பலத்தை வரவில் வைக்காது. ஆரோக்கியமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள், அமெரிக்காவில். 2007-ல் வந்த முடிவு: அந்தப் பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது! ஒரு நோயும் இல்லாமல், வெறும் ஓய்வினால்.

அப்படியானால் மாமியாரை வேலை வாங்கச் சொல்கிறேனா? இல்லை, சிவ சிவா! அவரால் முடிந்ததை அவர் கையிலிருந்து பிடுங்காதீர்கள் என்கிறேன். துவைத்த துணிகளில் லேசானவற்றை அவர் காயப் போடட்டும். பூஜைக்குப் பூவை அவரே பறித்து வரட்டும். கறிகாய்க்காரர் வந்தால் அவரே வாசலுக்குப் போய்ப் பேரம் பேசட்டும். அந்தக் கலையில் நீங்கள் அவரை ஜெயிக்கப் போவதில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் அவரே எழுந்து போய் எடுத்துக் குடிக்கட்டும். குளியலறையில் கைப்பிடியும், மாடிப்படியில் நல்ல விளக்கும், வழுக்காத தரையும் அமைத்துக் கொடுங்கள். அதுதான் உங்கள் பங்கு. நடப்பது அவர் பங்கு.

ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால், டாக்டர் அனுமதித்த முதல் நாளே எழுப்பி உட்கார வையுங்கள். “பாவம், தூங்கட்டும்” என்ற இரக்கம் அவர் காலைத்தான் பலி வாங்கும்.

இவ்வளவும் மாமியாருக்கும் அம்மாவுக்கும் மட்டும் என்று நினைத்து இதழை மடித்துவிடாதீர்கள். 45, 50 வயதில் இருக்கும் உங்களையும் சேர்த்துத்தான் சொன்னேன். டப்பாவில் பணம் போட வேண்டிய காலம் இதுதான். இந்தக் கட்டுரையை எந்த நாற்காலியில் உட்கார்ந்து படித்தீர்களோ, அதிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருங்கள் பார்க்கலாம். ஐந்து தடவை! கடிகாரத்தைப் பார்க்க உங்கள் மாமியாரையே கூப்பிடுங்கள். சந்தோஷமாக வருவார்.